200 பேருக்காக எஃகு அச்சு வெட்டலாமா? தலவாக்கலைத் தங்கச்சிக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் மூன்று நண்பர்கள், தோட்டங்களில் சடங்காக ஆடும் காமன் கூத்தின் பாத்திரங்களை மேசை விளையாட்டுகளுக்கான 32 மில்லிமீட்டர் மினியேச்சர்களாகக் கணினியில் செதுக்கி முடித்திருக்கிறார்கள். மன்மதன், ரதி, தூதன், யமன், வீரபத்திரர் என்று மொத்தம் 20 உருவங்கள். அவர்களில் ஒரு தங்கச்சி கேட்கிறார்: "கிக்ஸ்டார்ட்டரில் (பொருளைச் செய்யும் முன்பே வாங்குகிறவர்களிடம் பணம் திரட்டும் இணையத்தளம்) 10,000 டொலர் திரட்டி, சீனாவில் பிளாஸ்டிக்கில் அடித்து, ஒரு செட்டை 50 டொலருக்கு, உலகம் முழுக்க ஷிப்பிங் இலவசமாக அனுப்ப நினைக்கிறோம். 200 பேர் வாங்கினால் போதும்தானே அண்ணா?"

போதாது. இந்தத் திட்டத்தை இப்படியே தொடங்கினால், வெற்றி பெற்ற அன்றைக்கே நீங்கள் கடன்காரர் ஆகிவிடுவீர்கள். ஆனால் அந்த 20 உருவங்களும் நல்ல உருவங்கள். அவற்றை விற்க வழி இருக்கிறது. பண்டாரவளையில் சின்னதாக ரெசின் (திரவமாக ஊற்றி இறுகவைக்கிற பிளாஸ்டிக்) வார்ப்பு வேலை செய்கிறவன் நான். கணக்கை உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கிறேன்.

பிளாஸ்டிக்கை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதில் இருந்து தொடங்குவோம். கடைப் பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக் மினியேச்சர்கள் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் வருபவை. எஃகிலோ அலுமினியத்திலோ உருவத்தின் எதிர்வடிவத்தை வெட்டி, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிறார்கள். ஒரு முறை அடிக்கச் சில வினாடிதான். அடிக்கிற செலவு சல்லிக் காசு. அச்சு வெட்டுகிற செலவுதான் மலை. 20 உருவங்களுக்கும் சேர்த்து 20,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல எஃகு அச்சுக்கு இது மிகைப்படுத்திய தொகை இல்லை. 5,000 பேர் வாங்கினால் ஒரு செட்டின் தலையில் அச்சுச் செலவு 4 டொலர். 1,000 பேர் என்றால் 20 டொலர். 200 பேர் என்றால் 100 டொலர். நீங்கள் விற்க நினைக்கிற விலையே 50 டொலர்தான்.

நம் ஊர்த் தேயிலைப் பெக்டரி மாதிரிதான் இது. கொழுந்து நூறு கிலோ வந்தாலும் பத்தாயிரம் கிலோ வந்தாலும் கட்டடமும் ரோலரும் ட்ரையரும் நின்றபடி நிற்கும். கொழுந்து போதாவிட்டால் பெக்டரியே தோட்டத்தைத் தின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எஃகு வளையாது. கைக்கும் இடுப்புக்கும் நடுவே இடுக்கு இருந்தால், உள்ளே இறங்கிய பிளாஸ்டிக் வெளியே வராது. அதனால் ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, வாங்குகிறவர் ஒட்டிக்கொள்கிற மாதிரி மறுபடி வடிவமைக்க வேண்டும். பல கைகளும் கிரீடமும் கொண்ட உங்கள் வீரபத்திரர் எத்தனை துண்டாவார் என்று யோசியுங்கள். பலகை விளையாட்டுப் பெட்டிகளில் வரும் மென்மையான பிவிசி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆனால் அதில் வாள் வளைந்து வரும், முகம் மழுங்கும். முகத்தைப் பார்த்துத்தான் உங்கள் உருவங்களை வாங்குவார்கள். அதோடு, பெரும்பாலான பெக்டரிகள் ஆயிரம் செட்டுக்குக் கீழே பேச்சையே எடுக்க மாட்டா.

"பெரிய ஆட்கள் எல்லாரும் பிளாஸ்டிக்கில்தானே செய்தார்கள்?" என்று கேட்பீர்கள். 2012-ல் ரீப்பர் நிறுவனம் தன் 'போன்ஸ்' வரிசைக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் 34 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டியது. 17,000-க்கும் அதிகமானோர் பணம் போட்டார்கள். 100 டொலர் மட்டத்தில் சேர்ந்தவருக்கு இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் கிடைத்தன. ஆனால் ரீப்பர் அன்றைக்குப் புதுக் கொம்பனி இல்லை. பல ஆண்டுகளாக உலோகத்தில் வார்த்து விற்றவர்கள். செதுக்கிய உருவங்கள் ஏற்கனவே அலமாரியில் இருந்தன, அவற்றை வாங்குகிற கூட்டமும் இருந்தது. அச்சு வெட்டக் காசு மட்டும்தான் தேவைப்பட்டது. அந்த 17,000 பேர் இருந்ததால்தான் கணக்கு நின்றது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2013-ல் 'ரோபோடெக் ஆர்பிஜி டாக்டிக்ஸ்' என்ற மினியேச்சர் விளையாட்டு 14 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டியது. முதல் பாதிப் பொருட்கள் போய்ச் சேர்ந்தன. 2018-ல், மீதியைத் தர முடியாது என்று அதை வெளியிட்ட பல்லேடியம் புக்ஸ் அறிவித்தது. 2022-ல் மிதிக் கேம்ஸ் என்ற பலகை விளையாட்டு நிறுவனம், ஏற்கனவே பணம் கட்டியவர்களிடமே திரும்பவும் பணம் கேட்டது. இத்தனை இலட்சம் டொலர் கையில் இருந்தும் இப்படி ஆகிறது என்றால் காரணம் ஒன்றுதான்: வாக்குக் கொடுத்த நாளில் போட்ட செலவுக் கணக்கு, அனுப்புகிற நாளில் பொருந்தவில்லை. பணம் முன்னே வருகிறது, செலவு பின்னே வருகிறது. நடுவில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ. அந்தப் பணத்தை வருமானம் என்று நினைக்கத் தொடங்கினால் ஆபத்து. பொருள் போய்ச் சேரும் வரை அது 200 பேருக்கு நீங்கள் பட்டிருக்கிற கடன்.

சரி, உங்கள் 10,000 டொலரை உடைத்துப் பார்ப்போம். கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கும்: 500. அட்டைக் கட்டணம் ஏறத்தாழ 3 சதவீதமும் ஆளுக்கு 20 சதமும்: 340. சிலருடைய அட்டையில் பணம் எடுபடாமல் போகும். 200 என்று வையுங்கள். மிச்சம் 8,960. இலவச ஷிப்பிங் என்று சொல்லிவிட்டீர்கள். பார்சலுக்குச் சராசரி 15 டொலர் என்றால் 3,000 போய்விட்டது. பெட்டி, பஞ்சு, ஒட்டுநாடா 400. உடைந்தவை, தொலைந்தவைக்குத் திரும்ப அனுப்ப 200. வண்ணம் பூசிய மாதிரிகள், படம், விளம்பரம் 1,000. கையில் நிற்பது 4,360 டொலர். இதற்குள் 4,000 உருவங்களைச் செய்ய வேண்டும். எஃகு அச்சு இந்தத் தொகைக்குள் வராது என்பது இப்போது தெரிகிறது. திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கி உருவமாக்கும் ரெசின் பிரிண்டரில் வீட்டிலேயே அடித்தால்?

ஒரு உருவத்துக்கு, அடிக்கும்போது அதைப் பிடித்து நிறுத்தும் தாங்கு குச்சிகளோடு 8 மில்லிலீட்டர் ரெசின் என்று வையுங்கள். தோல்விகளையும் சேர்த்தால் 36 லீட்டர் வரும். லீட்டர் 12,000 ரூபாய், டொலர் 300 ரூபாய் என்று கொண்டால் சுமார் 1,440 டொலர். கையுறை, கழுவும் அல்கஹோல், தொட்டியின் அடித்தாள், மாற்றுத் திரை, கரண்ட் எல்லாவற்றுக்கும் 500. மிச்சம் சுமார் 2,400.

இப்போது உழைப்பு. திரை வழியாக ஒளி பாய்ச்சும் எல்சிடி வகை ரெசின் பிரிண்டரில் நேரம் உருவத்தின் உயரத்தைப் பொறுத்தது. தட்டில் ஒரு உருவம் வைத்தாலும் பன்னிரண்டு வைத்தாலும் ஒரே நேரம்தான். பன்னிரண்டு வீதம் 333 தட்டு. தட்டுக்கு 4 மணித்தியாலம் என்றால் 1,330 மணித்தியாலங்களுக்கு மேல். இந்த இயந்திரங்களின் திரை சுமார் 2,000 மணித்தியாலம்தான் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆகவே ஒரு திரையின் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு இதிலேயே போகும். அது இயந்திரத்தின் நேரம். உங்கள் நேரம் வேறு. கழுவி, குச்சி நீக்கி, புறஊதா ஒளியில் இறுக்கி, சரிபார்க்க உருவத்துக்கு 6 நிமிடம் என்றாலே 400 மணித்தியாலம். தட்டை ஏற்றி இறக்கவும் பார்சல் கட்டவும் இன்னும் 200. ஆக 600 மணித்தியாலத்துக்கு 2,400 டொலர்: மணித்தியாலத்துக்கு 4 டொலர், 1,200 ரூபாய். மோசம் இல்லை என்று தோன்றும். ஆனால் 20 உருவங்களைச் செதுக்கிய மாதங்களுக்கு இதில் ஒரு சதமும் இல்லை.

இனி ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். பார்சல் செலவு 15 இல்லை, 22 டொலர். 1,400 டொலர் அதிகம். 2,400 இருந்த இடத்தில் 1,000. உங்கள் கூலி மணித்தியாலத்துக்கு 500 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. ரெசின் விலை கூடவில்லை, இயந்திரம் பழுதாகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. அனுப்புகிற செலவில் 7 டொலர் பிசகியது, அவ்வளவுதான். அதனால்தான் இலவச ஷிப்பிங் என்ற சொல்லைப் பக்கத்தில் எழுதாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். திரட்டல் முடிந்து, பொருள் தயாரான பிறகு, அன்றைய கட்டணத்தை நாட்டுக்கு நாடு தனியாக வசூலியுங்கள். அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். வாங்குகிறவர்களும் பழகிவிட்டார்கள்.

பெட்டியின் அளவையும் பாருங்கள். கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து ஒரு 'எடை' எடுப்பார்கள். உண்மையான எடையைவிட அது அதிகமானால் அதற்குத்தான் பணம். 30 × 22 × 7 பெட்டி 0.92 கிலோ ஆகிறது. உள்ளே இருக்கிற 20 உருவங்கள் நூறு கிராம் அளவுதான் வரும். அதையே 16 × 12 × 4-க்குள் அடக்கினால் 0.15 கிலோ. அழகான பெரிய பெட்டி, நடுவில் யமனின் படம் என்று ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. அந்த ஆசைக்கு 200 முறை பணம் கட்ட வேண்டும்.

எல்லையில் வரியும் மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோவுக்குக் குறைந்த பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு 2021 ஜூலை 1-இல் முடிந்தது. அமெரிக்காவில் 800 டொலர் வரையான பார்சல் தீர்வையின்றிப் போன காலம் 2025 ஓகஸ்ட் 29-ஓடு முடிந்தது. 2024 டிசம்பர் 13-இல் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் பொருளுக்கு அங்கேயே பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டும். பொருளாக அனுப்புகிற சின்னப் பட்டறைகளுக்கு ஒவ்வொன்றும் ஒரு புதுச் செலவு.

இனி நம் மலையின் சங்கதிகள். வெளிநாட்டுக் காணொளிகளில் இவை வராது. ரெசின் 20 பாகைக்குக் கீழே தடிக்கும். அடுக்குகள் ஒட்டாமல் உரியும். நுவரெலியாவின் சராசரியே 16 பாகை அளவு. தலவாக்கலையில் ஜனவரி இரவில் பிரிண்டரை ஓட்டிவிட்டுத் தூங்கினால், காலையில் தட்டு வெறுமையாக இருக்கும். சூடாக்கும் பெட்டி ஒன்று கட்டாயம். சிலிக்கோன் அச்சில் இரண்டு திரவம் கலந்து வார்க்கிற பொலியுரேத்தேன் ரெசினுக்கு ஈரம் எதிரி. திறந்த டின் நம் மழைக்காற்றில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உருவமெல்லாம் குமிழி. மழைக்காலத்தில் நான் சின்ன டின்களாகவே வாங்குகிறேன், விலை கூடினாலும் பரவாயில்லை. கரண்ட் விஷயத்தில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள் என்பதை மறக்க வேண்டாம். நடுவில் நின்ற பிரிண்ட் பெரும்பாலும் குப்பைதான். பிரிண்டர் இழுக்கிற மின்சாரம் குறைவு, ஆகவே ஒரு சின்ன இன்வர்ட்டர் போதும். அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

கழிவைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இறுகாத ரெசின் நீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு. 'தண்ணீரில் கழுவலாம்' என்று போத்தலில் எழுதியிருந்தாலும், கழுவிய தண்ணீரை லயத்துக் கானில் (வடிகாலில்) ஊற்றக் கூடாது. நம் கான் ஓடைக்குப் போகிறது. உங்கள் பக்கத்து ஓடை கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து நீர் காசல்ரீ, மவுசாக்கலை வழியாகக் களனிக்குப் போய்க் கொழும்புக்காரர் குடிக்கிற தண்ணீராகிறது. கழிவுநீரை வெளிர் வாளியில் வெயிலில் வைத்து, ரெசின் முழுக்க இறுகிய பிறகு வடிகட்டி, கட்டியைத் தனியாக அப்புறப்படுத்துங்கள். 600 மணித்தியாலக் கணக்கில் இந்த நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

உலோகம்? ஈயமில்லாத வெள்ளீயக் கலவையை இறப்பர் அச்சில் சுழற்றி வார்ப்பது நல்ல முறை. ஒரு அச்சு நூற்றுக்கணக்கில் தாங்கும். ஆனால் வெள்ளீயம் விலை அதிகம், எடையும் அதிகம், சுழல் இயந்திரமும் வேண்டும். பிலிமத்தலாவையில் பித்தளை வார்ப்பவர்களிடம் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பித்தளை 900 பாகைக்கு மேல் உருகுவது. இறப்பர் அச்சு தாங்காது. ஆனால் கையளவு வீரபத்திரர் ஒன்றை மெழுகு முறையில் அங்கே வார்த்து, அதிக விலைக்குச் சிலருக்கு மட்டும் கொடுப்பது எனக்குப் பிடித்த யோசனை.

அடுத்தது பணம் வருகிற வழி. கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. பேபாலில் இலங்கைக் கணக்கால் பணம் செலுத்தலாம், பெற முடியாது என்ற நிலைதான் நீண்ட காலமாக இருந்துவந்தது. நம் ஃப்ரீலான்சர்கள் அதனால்தான் பேயோனியர் என்ற வேறொரு பணப் பரிமாற்றச் சேவைக்குப் போனார்கள். லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கிற மாமாவின் பெயரில் தொடங்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். செய்யலாம். ஆனால் சட்டப்படி வாக்குக் கொடுத்தவர் அப்போது மாமாதான். வரியும் அவர் பெயரில்தான் வரும், பொருள் போகாவிட்டால் திட்டும் அவருக்குத்தான். உறவு கெடாமல் இருக்க, யார் எவ்வளவு வைத்திருப்பது, வரியை யார் கட்டுவது, நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உறவுக்காரரிடம் எழுதி வாங்குவது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

நாணய மாற்றையும் கவனியுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. அடுத்த வருட நடுப்பகுதியில் 300 அளவுக்குத் திரும்பியது. 360 என்று கணக்குப் போட்டுச் செலவுக்கு ஒப்புக்கொண்டவருக்கு ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ரெசினும் திரையும் இறக்குமதிப் பொருட்கள். ஆகவே திரட்டிய பணத்தை முழுவதுமாக ரூபாயாக்காமல், அவற்றுக்கு வேண்டிய பகுதியை டொலராகவே வைத்திருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு நான் சொல்கிற வழி இது. முதல் திரட்டலில் பொருளாக இல்லாமல், உருவங்களின் கணினிக் கோப்புகளாகவே விற்றுவிடுங்கள். வீட்டில் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் எஸ்டிஎல் எனப்படும் முப்பரிமாண வடிவக் கோப்புகளை வாங்கித் தாங்களே அடித்துக்கொள்கிறார்கள். 25 டொலர் வீதம் 200 பேர் என்றால் 5,000. கட்டணங்களும் எடுபடாத அட்டைகளும் போக சுமார் 4,460. விளம்பரத்துக்கும் மாதிரிகளுக்கும் 1,000 கழித்தால் 3,460 கையில் நிற்கும். பெட்டி இல்லை, சுங்கம் இல்லை, மண்சரிவில் வீதி மூடினாலும் கோப்பு போய்ச் சேரும். மலையில் இருந்து அனுப்ப இதைவிட இலகுவான சரக்கு எனக்குத் தெரியாது. வேலை இல்லாமல் இல்லை: தாங்கு குச்சிகளை நீங்களே போட்டு, சோதித்து, பிழையில்லாமல் கொடுக்க வேண்டும். அதில்தான் வாங்குகிறவரின் நம்பிக்கை நிற்கும். திருட்டுப் பிரதி வரும். வந்தாலும் கணக்கு நிற்கிறது.

அடித்து விற்பவர்களுக்கான உரிமத்தைத் தனியாக, மாதக் கட்டணத்துக்குக் கொடுங்கள். ஜேர்மனியில் ஒருவர் அங்கேயே அடித்து அங்கேயே அனுப்புவார். அந்த நாட்டு வரியும் தபாலும் அவர் பாடு. உங்களுக்கு உரிமக் காசு.

கையில் தொட்டுப் பார்க்கிற பொருளும் வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு, 40 ரெசின் செட் மட்டும் வையுங்கள். எண்ணிக்கையை முதலிலேயே பூட்டிவிடுங்கள். 800 உருவங்கள், மூன்று பேர் நிதானமாகச் செய்யக்கூடியது. இலக்குத் தொகைக்கு மேலே போனால் இலவச உருவம் என்று ஒவ்வொரு படியிலும் அறிவிக்கிற பழக்கத்தைக் கோப்புக்கு மட்டும் வையுங்கள். பொருளில் ஒரு 'இலவச' உருவம் சேர்த்தாலும் அது ரெசின், எடை, ஆளுக்கு ஆறு நிமிடம்.

யார் வாங்குவார் என்பதிலும் ஒரு வார்த்தை. டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) மாதிரி, பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் மேசை விளையாட்டுகளை விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி பக்கம். மலையகப் பாசத்துக்காக அவர்கள் வாங்க மாட்டார்கள். அவர்களுடைய மேசையில் யமன் ஒரு பயங்கரமான எதிரியாக நிற்பாரா, தூதன் ஒரு பயணியாகப் பயன்படுவாரா என்றுதான் பார்ப்பார்கள். அதே நேரம், வேறு யாரிடமும் இல்லாத முகமும் உடையும் உங்களிடம் இருக்கின்றன. ஆகவே அதை மேலைநாட்டு மந்திரவாதி மாதிரி மாற்றிவிடாதீர்கள். மாசி மாதத்தில் கம்பம் நட்டு, விரதம் இருந்து ஆடுகிற சடங்கு அது. உங்கள் தோட்டத்துக் கூத்து மாஸ்டரிடம் உருவங்களைக் காட்டி, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கேளுங்கள். அவர் சொல்கிற திருத்தங்களுக்குக் கூலி கொடுங்கள். அதுவும் செலவுப் பட்டியலில் ஒரு வரி.

திரட்டல் தொடங்குகிற முதல் இரண்டு நாளில் வருகிற வேகம்தான் மீதி நாட்களைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த ஆட்களை முன்பே சேர்த்து வைத்திருக்க வேண்டும். இரண்டு உருவங்களின் கோப்பை இப்போதே இலவசமாகக் கொடுத்து, மின்னஞ்சல் முகவரிகளைச் சேருங்கள். ஆயிரம் பேர் சேரும் முன்னால் தேதி குறிக்க வேண்டாம். பிளாஸ்டிக் அச்சைப் பற்றி, மூன்றாவது நான்காவது திரட்டலில் இரண்டாயிரம் பேர் திரும்பத் திரும்ப வாங்குகிறபோது கதைப்போம்.

இப்போதைக்கு, ஐந்து உருவங்களை அடித்து எடை போடுங்கள். அவை அடங்குகிற மிகச் சின்னப் பெட்டியின் அளவையும், லண்டனுக்கும் பெர்லினுக்கும் நியூயோர்க்குக்கும் தபால் கந்தோரிலும் ஒரு கூரியரிலும் கேட்ட கட்டணங்களையும் இங்கே எழுதுங்கள். 40 செட்டுக்கான விலையை அதில் இருந்து போட்டுத் தருகிறேன்.